ரோஸி ஏறாத வண்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லைக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில், குவார்ட்ஸைட் என்று ஓர் ஊர். நிரந்தரக் குடிகள் மூவாயிரம் பேர்கூடத் தேறமாட்டார்கள். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. பனிக்காலம் வந்தால் கதையே வேறு. மினசோட்டா, மிச்சிகன், கனடாவின் ஆல்பர்ட்டா என்று பனி கொட்டும் இடங்களிலிருந்தெல்லாம் ஓய்வுபெற்றவர்கள் வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு வந்து இங்கே இறங்குகிறார்கள். ‘பனிப்பறவைகள்’ என்று அவர்களுக்குப் பெயர். ஊரைச் சுற்றியிருக்கும் பாலை நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நெடுநாள் தங்குவதற்கென்று துறை ஒதுக்கியிருக்கும் லா போசா பகுதி மட்டும் 11,000 ஏக்கருக்கு மேல். மேட்டில் நின்று பார்த்தால், அரிசி சிந்தியதுபோல் வெள்ளைக் கூரைகள் கண்ணுக்கு எட்டியவரை கிடக்கின்றன.

ஜனவரியில் இங்கே பெரிய கூடாரம் போட்டு வண்டிச் சந்தை நடக்கும். வெளியே புது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எனக்கு வாங்கும் உத்தேசம் இல்லை. நிழலில் ஒரு மடக்கு நாற்காலி கிடைத்தது, உட்கார்ந்து பார்க்கிறேன். அலுக்கும்போது எழுந்து கூட்டத்தோடு வண்டிகளில் ஏறி இறங்குகிறேன்.

முதலில் கண்ணில் படுவது நாய்வார்தான். எங்கு திரும்பினாலும் யாராவது ஒருவர் கையில் வார், அதன் முனையில் ஒரு நாய். நடக்க முடியாத கிழட்டு நாயைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார் ஒருவர். எதிரே ஒரு பெண் மண்டியிட்டு, தன் நாயின் பாதத்திலிருந்து முள்ளுருண்டை ஒன்றைச் சீப்பால் நெம்பி எடுக்கிறாள். சோயா என்ற கள்ளியின் முள் அது. கையால் எடுக்கப்போனால் கையிலும் தைத்துக்கொள்ளும். நாயோடு இங்கே வருகிறவர்கள் சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பது தலை வாருவதற்கல்ல.

ஒரு ஜோடி வருகிறது. இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. கிழவர் வலது முழங்காலில் பட்டை போட்டிருக்கிறார். அம்மாள் கையில் ஒரு நோட்டு, காதிடுக்கில் பென்சில். கிழவர் பிடித்திருக்கும் வாரின் முனையில் கறுப்பு லாப்ரடார். முகவாய் முழுக்க நரைத்துவிட்டது, பின்னங்கால்களை இழுத்தாற்போல் வைத்து நடக்கிறது. அம்மாளின் முதுகுப்பையில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள்ளிருந்து ஒரு வரிப்பூனை சந்தையை வெறித்துப் பார்க்கிறது. காதில் விழுந்த பேச்சிலிருந்து இவ்வளவு தெரிகிறது: மினசோட்டாவில் வீட்டை விற்றாயிற்று, இரண்டு வருஷமாவது சுற்றப்போகிறார்கள், இந்த இரண்டு ஜீவன்களையும் யாரிடமும் விட்டுவர மனமில்லை. நாயை ‘ரோஸி’ என்கிறார் கிழவர். பூனையின் பெயரை யாரும் சொல்லவில்லை.

விற்பனைக்கார இளைஞன் அவர்களை நேராக வரிசையின் தலைமாட்டுக்கு அழைத்துப் போகிறான். பேருந்து நீளத்துக்கு ஒரு மோட்டார்ஹோம். ‘கிளாஸ் ஏ’ ரகம். டீசல் இன்ஜின் பின்பக்கம் இருப்பதால் ஓட்டுகிறவர் காதுக்குச் சத்தம் எட்டாதாம். தோல் சோபா, மின் கணப்பு, சுவரளவு டி.வி., இரட்டைக் கதவுக் குளிர்பெட்டி. கிழவர் ஏறுகிறார். அம்மாள் ஏறுகிறார். ரோஸி முதல் படியில் முன்னங்காலை வைத்துவிட்டு எடுத்துக்கொள்கிறது. படிகள் உலோகத் தகடு. படிக்கும் படிக்கும் நடுவே அடைப்பு இல்லை, கீழே தரை தெரிகிறது. இடுப்பு வலிக்கிற நாய்க்கு அந்த இடைவெளி பள்ளம்தான். கிழவர் வாரை லேசாகச் சுண்டுகிறார். ரோஸி உட்கார்ந்துவிடுகிறது.

“பழகிடும் சார்” என்கிறான் இளைஞன். கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாள் நோட்டில் ஏதோ எழுதுகிறார்.

இந்த ரகத்தில் இருக்கும் வசதியை மறுக்க முடியாது. எல்லாரும் ஒரே கூரையின் கீழ் போகலாம். மழை கொட்டினாலும் வெளியே இறங்காமல் பூனைக்குச் சோறு வைக்கலாம். ஒரு பொத்தானில் ஜெனரேட்டர் ஓடும், ஏசி ஓடும். ஆனால் இன்ஜினில் கோளாறு என்று வண்டி பட்டறைக்குப் போனால் வீடும் கூடவே போய்விடும். நாயும் பூனையும் கையுமாக, வளர்ப்புப் பிராணிகளைச் சேர்க்கும் விடுதியைத் தேடி அலையவேண்டும். இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்றால் பட்டறைக்குப் போவது டிரக் மட்டும்; வீடு இருந்த இடத்தில் இருக்கும்.

உள்ளே இளைஞன் ‘ஸ்லைடு’ காட்டுகிறான். பொத்தானை அழுத்தினால் சோபாவோடு சேர்ந்து சுவரே வெளியே நகர்ந்து, கூடம் இரண்டு பங்காகிறது. மறுபடி அழுத்தினால் உள்ளே வந்து கூடம் நடைபாதையாகச் சுருங்குகிறது. சந்தையில் எல்லா வண்டிகளையும் ஸ்லைடைத் திறந்துதான் நிறுத்தியிருக்கிறார்கள். நிற்கும்போது இருக்கிற வீடு வேறு, ஓடும்போது இருக்கிற வீடு வேறு. சில வண்டிகளில் ஸ்லைடை மூடிவிட்டால் கழிப்பறைக்கோ குளிர்பெட்டிக்கோ வழி இருக்காது. நாய் படுத்திருந்த இடத்தில் சோபாவின் கால் நிற்கும்.

அம்மாள் குனிந்து ஸ்லைடின் அடியில் பார்க்கிறார். “இது மூடும்போது பூனை உள்ளே இருந்தால்?” என்று கேட்கிறார். இளைஞன் சிரிக்கிறான், அம்மாள் சிரிக்கவில்லை. இருட்டான சந்து எங்கே கிடைக்கும் என்று தேடுவது பூனையின் குணம். ஸ்லைடுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து அதற்கு அரண்மனை; மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டால் அதுவே சிறை. பூனையோடு பயணம் செய்கிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தலையை எண்ணாமல் பொத்தானில் கை வைப்பதில்லை.

அடுத்தது வேன். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டரின் உடம்புக்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடக்கியது; ‘கிளாஸ் பி’. அதிலிருந்து ஓர் இளம்பெண் இறங்குகிறாள். அக்குளில் ஒரு டெரியர் நாய்க்குட்டி, தோளில் லேப்டாப் பை. அவளுக்கு இது சரியாக இருக்கும். கார் நிற்கும் இடத்தில் நிறுத்தலாம், நகரத்துக்குள் நுழையலாம். கிழவருக்கும் பிடித்திருக்கிறது, ஸ்டியரிங்கைத் தடவிப் பார்க்கிறார். அம்மாள் மட்டும் நடுவழியில் நின்று காலடியைப் பார்க்கிறார். ரோஸி படுப்பதற்கு இருக்கும் ஒரே இடம், இருவரும் நடப்பதற்கு இருக்கும் ஒரே இடம். ராத்திரி பாத்ரூம் போகும் கிழவர் நாயைத் தாண்டவேண்டும், அந்த முழங்காலோடு. பூனையின் மணல் தட்டை வைக்க இடமே இல்லை. குளிக்கும் இடத்தில் வைக்கலாம். குளிக்கும்போதெல்லாம் வெளியே எடுக்கவேண்டும். நோட்டில் ஒரு பெருக்கல் குறி.

அதற்குப் பக்கத்தில், பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிவைக்கும் கேம்பர். ஏணி வைத்து ஏறவேண்டும். ரோஸியைக் கேட்கவே வேண்டியதில்லை. நாயோடு நாடு சுற்றும் ஆசையை அமெரிக்கர்களுக்கு மூட்டியதில் இந்த ரக வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் இப்படி ஒரு டிரக்கில்தான் சார்லி என்ற பூடில் நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டிக்கு டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரை வைத்தார்: ரோசினான்டே. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1962-இல் வந்தது. வண்டி இப்போது கலிபோர்னியாவின் சலீனாஸ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் புத்தகத்தின் கவர்ச்சியில் மயங்குகிறவர்கள் அதில் இருக்கும் இரண்டு தொல்லைகளை மறந்துவிடுகிறார்கள். நயாகரா அருகே கனடாவுக்குள் போக நினைத்தவர், சார்லிக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாததால் திரும்பவேண்டியிருந்தது. வழியில் சார்லிக்கு உடம்பு கெட்டு, டெக்சாஸின் அமரில்லோவில் மருத்துவரிடம் விட்டுவைக்கவும் நேர்ந்தது.

எல்லைக் காகிதம் இன்னும் கூடித்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்கவேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கவேண்டும், படிவம் நிரப்பியிருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கிவரும் நாய்க்கு மட்டுமல்ல, ஊர்சுற்றித் திரும்பும் நாய்க்கும் இதே விதிதான். பனிப்பறவைகளில் பலர் பல் கட்டவும் மருந்து வாங்கவும் யூமா நகரைத் தாண்டி மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனஸுக்குப் போய்வருவார்கள். நாயைக் கூட்டிப்போனால் திரும்பும்போது அதற்கும் காகிதம் வேண்டும்.

வெயில் ஏறுகிறது. ஜனவரி வெயில்தான், இதமாகத்தான் இருக்கிறது. ரோஸி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு டிரெய்லரின் நிழலில் படுக்கிறது. அதுவே அவர்களை அந்த டிரெய்லருக்குக் கூட்டிவந்தது என்று சொல்லலாம். அலுமினியத் தகடு பளபளக்கும் ஏர்ஸ்ட்ரீம். அம்மாள் முகம் முதல்முறையாக மலர்கிறது. படி இரண்டுதான். கிழவர் பின்பக்கம் கைகொடுக்க, ரோஸி ஏறிவிடுகிறது.

“நாங்கள் ஓட்டும்போது இவள் இங்கே படுத்துத் தூங்கலாமா?” என்கிறார் கிழவர்.

இளைஞன் நல்லவன்; உண்மையைச் சொல்கிறான். ஓடும் டிரெய்லருக்குள் மனிதர் உட்காரப் பல மாநிலங்களில் தடை உண்டு. நாயை விடுவதும் கூடாது. ஓட்டத்தில் உள்ளே ஏசி ஓடாது, அலமாரி திறந்து சாமான் விழும், டயர் வெடித்தால் உள்ளே இருப்பதன் கதி முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் டிரெய்லர் வாங்குகிறவர் இரண்டு வண்டிகளைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்றில் வாழ்வது, ஒன்றில் நாயும் பூனையும் பயணம் போவது. பின்சீட்டில் நாய்க்கு வாரும் பூனைக்குக் கூண்டும் கட்ட இடம் இருக்கிறதா என்று டிரக்கையும் சேர்த்துப் பார்த்தாகவேண்டும். தினமும் காலையில் பூனையை ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டும். வாசல் திறந்திருக்கும் அந்த அரை நிமிஷம்தான் பூனை தொலைந்துபோகும் நேரம்.

அம்மாள் அடுத்த கேள்வியை நோட்டைப் பார்த்தே படிக்கிறார். “நாங்கள் கடைக்குப் போயிருக்கும்போது கரண்ட் போனால்?”

இன்று காலை முதல் நான் கேட்டதில் இதுவே சரியான கேள்வி. வெளியே 21 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 45 டிகிரி வரை ஏறும் என்கிறது அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம். டிரெய்லர் பெரியது, சற்று மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த டிரெய்லருக்கு வருவது 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்ப். அது இரண்டு கம்பிகளில் வருவதால் 12,000 வாட் கிடைக்கும், இரண்டு ஏசி தாங்கும். எந்த இணைப்பானாலும் ஜூலை மதியம் முகாமில் எல்லோரும் ஏசி போடும்போது மின்சாரம் தடுமாறலாம். அதற்காகத்தான் உள்ளே வெப்பம் ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி விற்கிறார்கள். கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டரும் உண்டு. கருவி செய்தி அனுப்பும்; போய்ச் சேரவேண்டியது நாம்தான். சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில் அந்தச் செய்தியும் வராது.

கதவோரம் மஞ்சள் நிறத்தில் ஓர் ஒட்டுத்தாள். பலரும் அதைப் பார்க்காமலே இறங்குகிறார்கள். அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார். வண்டியில் இன்னும் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற கணக்கு அது. தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் 332 பவுண்டு. நாய்த்தீனி மூட்டை, பூனை மணல் மூட்டை, கூண்டுகள் என்று எழுதிக் கூட்டுகிறார். ரோஸியின் எடையையும் எழுதிவிட்டு அடிக்கிறார்; அது டிரக்கில் அல்லவா வரப்போகிறது. இளைஞன் முதல்முறையாக அந்த நோட்டை மரியாதையோடு பார்க்கிறான்.

பக்கத்தில் ஒருவர், பெரிய தலையுள்ள பிட்புல்லோடு நிற்கிறார். நாயோ அவர் செருப்பில் தலைவைத்துத் தூங்குகிறது. “நீங்கள் லாப்ரடார்காரர்கள், கொடுத்துவைத்தவர்கள்” என்கிறார் கிழவரிடம். பல தனியார் முகாம்களில் பிட்புல், ராட்வைலர், டோபர்மேன் இனங்களைச் சேர்ப்பதில்லை. காப்பீட்டைக் காரணம் சொல்வார்கள். லாப்ரடாருக்கும் எல்லா வாசலும் திறந்துவிடாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நாய் சாலையிலிருந்தும் முகாமிலிருந்தும் 100 அடிக்குமேல் விலகக்கூடாது. நடைபாதைகளில் அனுமதியே இல்லை. கிராண்ட் கேன்யனில் விளிம்போரப் பாதையில் நாயோடு நடக்கலாம், பள்ளத்தாக்கில் இறங்கமுடியாது. வாரின் நீளம் ஆறடிக்கு மிகக்கூடாது.

ஆகவே நாயோடு நெடுநாள் சுற்றுகிறவர்கள் புகழ்பெற்ற பூங்காக்களைத் தொட்டுவிட்டு, தேசியக் காடுகளுக்கும் இந்தப் பாலைவனத்தைப் போன்ற பொதுநிலங்களுக்கும் வந்து சேர்கிறார்கள். அங்கே நாய்க்குச் சுதந்திரம் உண்டு. குழாய் இல்லை, மின்கம்பம் இல்லை. எங்கே தங்கப்போகிறோம் என்பதை நாய் முடிவு செய்துவிடுகிறது. தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், கூரையில் சூரியத் தகடு எத்தனை என்பதை அந்த இடம் முடிவு செய்கிறது. டி.வி.யின் அளவு இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

பாலைவனத்துக்கு வாகனம் தேர்ந்தெடுத்துப் பார்த்த அனுபவம் இந்தப் பக்கத்துக்குப் பழையது. ஊர் இடுகாட்டில் கல்லால் கட்டிய பிரமிடு ஒன்று, உச்சியில் ஒட்டக உருவத்தோடு நிற்கிறது. அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்து சோதித்தபோது, 1856-இல் அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலி அங்கே கிடக்கிறார், 1902-இல் இறந்தவர். ஒட்டகம் பாரம் சுமந்தது, தாகம் தாங்கியது. ஆனால் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அதைக் கண்டு மிரண்டன, சிப்பாய்களுக்கும் பிடிக்கவில்லை. உள்நாட்டுப் போர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. திறமான வாகனம்தான், கூட இருந்த மற்ற பிராணிகளோடு ஒத்துப்போகவில்லை.

வரிசையின் கடைக்கோடியில் ‘டாய் ஹாலர்’ நிற்கிறது. மோட்டார் பைக்கையும் மணல்வண்டியையும் ஏற்றிச்செல்ல, பின்பாதியில் கொட்டகை வைத்துக் கட்டிய டிரெய்லர். பின்சுவர் முழுதும் கதவு. இறக்கினால் தரையைத் தொடும் சாய்தளம். இளைஞன் முன்வாசலைத் திறந்து சமையலறையைக் காட்டப் போகிறான். கிழவர் அவன் பின்னால் போகிறார். வார் கையிலிருந்து நழுவிவிட்டது.

ரோஸி சாய்தளத்தை முகர்கிறது. ஒரு கால், இன்னொரு கால். ஏறி உள்ளே போய்விட்டது. ரப்பர் பூசிய தரை, வழுக்கவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, காற்று வரும் இடம் பார்த்துப் படுக்கிறது. அம்மாள் பின்னாலேயே ஏறி, முதுகுப்பையை இறக்கி வைக்கிறார். தரையில் பைக்கைக் கட்டுவதற்கான வளையங்கள். கூண்டைக் கட்டவும் உதவும். சுவரோரம் மணல் தட்டுக்கு இடம் இருக்கிறது. சமையலறைக்கும் இதற்கும் நடுவே கதவு இருக்கிறது. முன்வாசல் திறந்திருக்கும்போது பூனையை இந்தப் பக்கம் அடைத்துவைக்கலாம்.

இளைஞன் திரும்பிவந்து, பைக் எத்தனை நிற்கும் என்று ஆரம்பிக்கிறான். அம்மாள் கையைக் காட்டி நிறுத்துகிறார்.

இந்த ரகத்திலும் குறை உண்டு. அம்மாளே கேட்டு எழுதிக்கொள்கிறார். வண்டி கனம், இழுக்கக் கனமான டிரக் வேண்டும்; நீளமானது, சிறிய முகாம்களில் நுழையாது; கொட்டகைப் பக்கத்துக்கு ஏசி காற்று சரியாக வருமா என்று ஓடவிட்டுப் பார்க்கவேண்டும்; பழைய வண்டியாக இருந்தால் பெட்ரோல் நெடி இருக்கும், நாய்மூக்குக்கு அது தாங்காது. கிழவர் விலை கேட்கிறார். பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசாமல், இதே ரகத்தை வாடகைக்குக் கொடுக்கும் இடம் உண்டா என்று கேட்கிறார். இளைஞனின் முகம் சற்று வாடுகிறது. ஆனாலும் விவரம் எழுதிக் கொடுக்கிறான்.

அவர்கள் செய்ததுதான் சரி. நெடும்பயணத்துக்கு வண்டி பார்க்கப் போகிறவர்கள் பிராணிகளை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். படியில் எது தயங்குகிறது, தரையில் எது வழுக்குகிறது என்று பாருங்கள். ஸ்லைடை மூடச் சொல்லி உள்ளே நில்லுங்கள். ஏசியை உச்சத்தில் வைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். கரண்ட் போனால் என்ன என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் சில நாள் வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பாருங்கள். உங்களிடம் இருப்பதிலேயே வயதான பிராணியால், வருஷத்தின் மிகச் சூடான மதியத்தில், எந்த வண்டியில் நிம்மதியாகப் படுக்க முடியுமோ அதுதான் உங்கள் வண்டி. மற்ற வசதிகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.